கிராமத்துப் பப்பில் மதியச் சாப்பாடு: ஊரிலிருந்து வந்த பெற்றோரை எங்கே அழைத்துப் போவது?

“குடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?” என்றார் அம்மா. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பப் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனத்தில் வந்து நின்றது டாஸ்மாக். கம்பி வலை, அதற்குள் நீளும் கைகள், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர்கள் மிதிபடும் பார். அப்பா வாய் திறக்கவில்லை. ஆனால் கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். புறப்படத் தயார் என்று அதற்குப் பொருள்.

ஒவ்வொரு கோடையிலும் இங்கே நண்பர்கள் வீட்டுக்கு யாருடைய அம்மா அப்பாவாவது வந்துவிடுகிறார்கள். லண்டன் பாலம், அரண்மனை எல்லாம் பார்த்து முடித்ததும், “ஒரு கிராமத்துப் பப்பில் சாப்பிட வைக்க வேண்டும், எங்கே போகலாம்?” என்று எனக்குத் தொலைபேசி வரும். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடிவதில்லை. பப் சாப்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. அந்தக் கோடையில் நான்கையும் யோசித்து, மூன்றைப் பெற்றோருடன் அனுபவித்தும் பார்த்தோம். எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: அம்மா கறி, மீன், முட்டை எதுவும் தொடமாட்டார். அப்பா ஆட்டுக்கறியும் கோழியும் மீனும் சாப்பிடுவார். மாடும் பன்றியும் கிடையாது. மகளுக்குப் பதினாறு வயது, பசி மட்டும் எப்போதும் உண்டு. மனைவி எதையும் சாப்பிடுவார். நான் கார் ஓட்டுகிறவன், அதனால் எனக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சோடா.

முதலில் அம்மாவின் சந்தேகம். இங்கிலாந்துக் கிராமத்தில் பப் என்பது நம் ஊர் டீக்கடைப் பெஞ்சுக்கும் சாவடிக்கும் இடையில் எங்கோ நிற்கும் இடம். கைக்குழந்தை வரும், கிழவிகள் வருவார்கள், நாய் மேசைக்கடியில் படுத்திருக்கும். ஆனால் சாப்பாட்டுக்கென்று அங்கே போவது அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன் பெரும்பாலான கிராமத்துப் பப்புகளில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலமும், கண்ணாடி ஜாடியில் காடியில் ஊறிய முட்டையும், பன்றித்தோல் வறுவலும்தான் கிடைக்கும். 1967-இல் ஓட்டுநரின் மூச்சைச் சோதிக்கும் கருவி வந்தது. கார் ஓட்டி வந்து குடிப்பவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். சூப்பர் மார்க்கெட் பீர் விலை குறைந்தது. 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது. பீரை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாத கிராமத்துப் பப்புகள் அடுப்பை நம்பத் தொடங்கின. இதற்கிடையில் 1991-இல் லண்டன் ஃபாரிங்டனில் ‘தி ஈகிள்’ என்ற பப் நல்ல சமையல்காரர்களை வைத்துத் தரமான சாப்பாடு போட ஆரம்பித்து, ‘காஸ்ட்ரோபப்’ என்ற சொல்லுக்கே காரணமாயிற்று. அந்தக் காற்று கிராமங்களுக்கும் வீசியது.

எந்தப் பப் என்று பார்க்கும் முன்னால் எத்தனை மணி என்று பாருங்கள். நாங்கள் அதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். அம்மா பூஜை முடித்து, அப்பா மாத்திரை தேடி, மகள் தலை உலர்த்தி, வண்டி நகர்ந்தபோது மணி ஒன்றரை. ஒரு வண்டி மட்டுமே போகும் சந்தில் முன்னால் டிராக்டர். பப் வாசலில் இறங்கியபோது இரண்டு நாற்பது. அந்தப் பப்பில் ஞாயிற்றுக்கிழமையும் சமையலறை இரண்டரைக்கே மூடிவிடுமாம். பப் திறந்திருந்தது, கணப்பில் தீ எரிந்தது, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் சாப்பாடு மட்டும் கிடையாது. நடத்துகிற அம்மாள் மெய்யாகவே வருந்தினார். சமையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், நான் என்ன செய்வேன் என்றார். உப்பும் காடியும் தூவிய வறுவல் மூன்று பொட்டலம் வாங்கி ஐந்து பேர் பகிர்ந்து தின்றோம். அம்மா ஒரு பொட்டலத்தைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, பின்பக்கத்து எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் வாயில் போட்டார். ஜாடி முட்டையை அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் பார்ப்பதைப் போல.

நம் ஓட்டல் மாதிரி காலை முதல் இரவு வரை அடுப்பு எரியும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான கிராமத்துப் பப்புகளில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை வரை, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஞாயிறு பல இடங்களில் நான்கு மணி வரை நீளும், ஆனால் இரவுச் சாப்பாடு இருக்காது. திங்கள், சில இடங்களில் செவ்வாயும் சேர்த்து, விடுமுறை. ஒரு நாள் முன்னால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரம் பப் திறந்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம், சமையலறையின் நேரமாகவும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வம்பே வேண்டாம் என்று புறவழிச் சாலையோரத்தில் இருக்கும் ஒரு பெரிய சங்கிலிப் பப்புக்குப் போனோம். கார்வரி என்று வாசலில் பலகை. நான்கில் இது முதல் வகை. உண்மையைச் சொன்னால் இதைக் கிராமத்துப் பப் என்று சொல்வதே மரியாதைக்காக. கூரையில் போலி உத்தரங்கள், சுவரில் யாரும் படிக்காத பழைய புத்தகங்கள். தட்டை ஏந்தி வரிசையில் நின்றால், வெள்ளைத் தொப்பிக்காரர் விளக்கொளியில் மின்னும் வான்கோழி, மாடு, பன்றித் துண்டங்களிலிருந்து அரிந்து போடுவார். பிறகு காய்கறியெல்லாம் நாமே அள்ளிக்கொள்ள வேண்டும். ஆள் ஒன்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பவுண்டுக்குள் வயிறு நிறைந்துவிடும்.

என் நண்பர்கள் சிலருக்குக் கார்வரி என்றாலே முகம் சுளிக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அம்மாவுக்கு அங்கேதான் முதன்முதலாக நிம்மதி. காரணம் எளிது: எது என்ன என்று கண்ணால் பார்க்க முடிந்தது. பட்டாணி, காரட், முட்டைக்கோஸ், மேலே சீஸ் உருக்கிய காலிஃபிளவர் என்று கல்யாணப் பந்தியைப் போல் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். பெயர் தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர், அதில் மூன்று குழந்தைகள், இருவர் சைவம் என்றால் இதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே கிடைக்காதது சுவைதான். கறி வெந்து வெகுநேரம் விளக்கடியில் நின்றிருந்தது. அப்பா வான்கோழியை ஒரு வாய் மென்றுவிட்டு, “நெஞ்சை அடைக்கிறது” என்று குழம்பை எட்டிப் பார்த்தார். அந்தக் கிரேவி எதில் செய்தது என்று கேட்கப் போன நான், விடை தெரியாத மூன்று இளைஞர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பினேன்.

கிரேவியைச் சொல்லிவிட்டதால் சைவர்களுக்கான கண்ணிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வகைப் பப்புக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய கறியும் காய்களும்) தட்டில் கறியை மட்டும் விலக்கினால் மீதியெல்லாம் சைவம் என்று நினைப்பது தவறு. வறுத்த உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ முறுகியிருக்கலாம். யார்க்ஷர் புட்டிங் என்பது இனிப்பல்ல. மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி அடுப்பில் உப்ப வைப்பது. கிரேவி இறைச்சிச் சாறு. இந்த நாட்டில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு. அதனால் எங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு ‘வீகன்’ என்று கேட்பதே பாதுகாப்பு. பால், தயிர், சீஸ் இழப்பு என்றாலும் முட்டையும் கொழுப்பும் தட்டுக்குள் வராது. இன்னொரு வழியும் உண்டு. 2014 டிசம்பரிலிருந்து ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று கேட்டால் எல்லா உணவகங்களும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதினான்கில் முட்டையும் ஒன்று. ஒவ்வாமைப் பட்டியலைக் கேளுங்கள்; மறுக்கமாட்டார்கள். பீர் கலந்த மாவில் தோய்த்த மீன், ஏல் என்ற பீர் ஊற்றிய கறிப் பை, ஷெர்ரி என்ற ஒயின் தெளித்த டிரைஃபிள் இனிப்பு என்று மது சமையலுக்குள்ளும் ஒளிந்திருக்கும். குடிப்பதில்லை என்பதோடு தொடுவதும் இல்லை என்பவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டிறைச்சி விலக்குபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ‘ஷெப்பர்ட்ஸ் பை’ ஆடு, ‘காட்டேஜ் பை’ மாடு. மேலே மசித்த உருளைக்கிழங்கு இரண்டிலும் ஒன்றேதான், பார்த்தால் வேறுபாடு தெரியாது.

இரண்டாவது வகை, எல்லோரும் ஆசைப்படுகிற உண்மையான ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட். கிராமத்துப் பசும்புல் வெளி, பக்கத்தில் தேவாலயம், உள்ளே தணிந்த உத்தரம், கரும்பலகையில் அன்றைய உணவு. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு தட்டு சுமார் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து பவுண்டு ஆகும். நன்றாக அமைந்தால் இந்த நாட்டில் இதற்கு ஈடு கிடையாது. மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, ஆட்டுக்கறியோடு புதினாச் சட்னி, கிரேவியை ஊற்றுவதற்கென்றே குழிந்த யார்க்ஷர் புட்டிங். அமையாவிட்டால் ஆறிப்போன விருந்து.

எது அமையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் எனக்கு உண்டு. பட்டியல் குட்டையாக இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஒரே ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டு நாற்பது வகை எழுதிப் போட்டிருந்தால் குளிர்பதனப் பெட்டியும் மைக்ரோவேவும்தான் சமைக்கின்றன என்று பொருள். நான்கு முதன்மை உணவு, மூன்று இனிப்பு என்றால் நம்பி உட்காரலாம். பெயர்ப் பலகையில் ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றிருந்தால் எந்த மதுத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல் தன் விருப்பப்படி பீர் வாங்குகிற பப். அது சாப்பாட்டுக்கு உத்தரவாதம் ஆகாது, ஆனால் நடத்துகிறவருக்குச் சொந்த ருசி ஒன்று இருக்கிறது என்பதற்கு ஓரளவு சாட்சி. முக்கியமானது நேரம். கறி காலையில் அடுப்பேறிப் பன்னிரண்டு மணி வாக்கில் இறங்கும். பன்னிரண்டுக்கு உட்காருபவருக்கு அது புதுசு. மூன்று மணிக்கு உட்காருபவருக்கு அதே கறி, அதே உருளைக்கிழங்கு, காத்திருந்து களைத்தவை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் நம் வழக்கமும் பப் சமையலறையும் ஒத்துப்போகின்றன. மேசையைப் பன்னிரண்டுக்கே பதிவு செய்யுங்கள்.

அங்கே போனதும் யாராவது வந்து தண்ணீர் வைப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது. மேசையைப் பிடித்து, அதில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாருக்குப் போய்ச் சொல்லிப் பணமும் கொடுத்துவிட வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கையை ஆட்டுவதும் நோட்டை நீட்டிக் காட்டுவதும் மகாபாவம். பாரில் வாங்கினால் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. மேசைக்கு வந்து பரிமாறும் உயர்தரப் பப்புகளில் பில்லிலேயே பன்னிரண்டரை விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்ட் போடும் அப்படியொரு கிராமத்துப் பப்பில் அப்பா ‘ப்ளவ்மன்ஸ் லஞ்ச்’ என்ற பெயரைப் பட்டியலில் கண்டு மயங்கிவிட்டார். உழவன் சாப்பாடு! நாற்பது ஆண்டு ஏர் பிடித்தவர் வேறெதைக் கேட்பார்? வந்தது ஒரு துண்டு ரொட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் செடார் சீஸ், காடியில் ஊறிய சின்ன வெங்காயம், கால் ஆப்பிள், கறுப்பாக ஒரு பிக்கிள். ரொட்டியும் சீஸும் பீரும் இங்கத்திய உழவர்களின் பழைய உணவுதான். ஆனால் அந்தப் பெயரை 1950-களில் பப்புகளில் பரப்பியது சீஸ் விற்பனையை வளர்க்க அமைந்த சீஸ் பீரோ. அறுபதுகளில் பால் வாரியம் அதை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. நான் இதைச் சொன்னதும் அப்பா, “இதைத் தின்றுவிட்டு இரண்டு சால் ஓட்டினால் மூன்றாவது சாலில் மாடுதான் இவனை இழுத்துப்போகும்” என்றார். அம்மா அந்தப் பிக்கிளை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஊறுகாய் இல்லை, வெல்லப்பாகு என்று தீர்ப்புச் சொன்னார்.

அதே கரும்பலகையில் ‘மல்லிகடானி சூப்’ என்றும் எழுதியிருந்தது. மிளகுத்தண்ணீர் என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்று மகள் விளக்கினாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. கேட்டுப் பார்த்தேன்; கோழிச் சாற்றில் ஆப்பிளும் கறிப்பொடியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியதாம். தன் ஊர் ரசத்தைத் தானே சாப்பிட முடியாமல் போன வருத்தத்தை அம்மா ரெடிங் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வகை, மிஷெலின் என்ற உணவகக் கையேடு நட்சத்திரம் கொடுத்த பப்புகள். அங்கே பெற்றோரை அழைத்துப் போகவில்லை, ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத மார்லோ என்ற தேம்ஸ் கரை ஊரில் ‘தி ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்’ இருக்கிறது. டாம் கெர்ரிஜ் 2005-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே மிஷெலின் நட்சத்திரம். 2012 கையேட்டில் இரண்டாவது. இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப் அதுதான். 2020-இல் அங்கே ஸ்டேக்கும் சிப்ஸும் 87 பவுண்டு என்று பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. கூலி, மூலப்பொருள், வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதுதான் விலை என்று அவர் வாதாடினார். கென்ட் கடற்கரையில் சீசால்ட்டர் ஊரில் இருக்கும் ‘தி ஸ்போர்ட்ஸ்மன்’ வேறு தினுசு. வெளியே பார்த்தால் காற்றில் அடிபட்ட சாதாரணக் கட்டடம். உள்ளே கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்து, வெண்ணெயைத் தாங்களே கடைந்து பரிமாறுகிறார்கள். 2008 முதல் நட்சத்திரம்.

திருமண நாளுக்கு நானும் மனைவியும் இந்த வரிசையில் ஒரு பப்புக்குப் போயிருக்கிறோம். சாப்பிட்ட எதையும் குறை சொல்ல மாட்டேன். இன்னும் நாக்கில் இருப்பது ரொட்டியும் வெண்ணெயும். அவ்வளவு எளிய பொருளை அப்படிச் செய்ய முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருபது நிமிடம். மூட்டு வலிக்காரர்களுக்கு அது தண்டனை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். வந்து சொன்னால் சமையலறை திண்டாடும். அட்டை எண்ணைக் கொடுத்துத்தான் மேசை பிடிக்க முடியும், வராவிட்டால் பணம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே பில். ஐந்து பேருக்கு ரூபாயில் அரை லட்சத்தை எளிதாகத் தாண்டும். அப்பா அதைக் கறவை மாட்டுக் கணக்கில் மாற்றிப் பார்ப்பார். இரண்டு பல் போட்ட நல்ல மாடு ஒன்றைத் தின்றுவிட்ட துக்கத்தோடு அவரை ஊருக்கு அனுப்பி வைக்க எனக்கு மனமில்லை. கணவனும் மனைவியும் மட்டும், வார நாளில், மதியத்தில் என்றால் தயங்காமல் போகலாம். பெற்றோருக்கு வேண்டாம்.

சாப்பாட்டுக்காக இல்லாமல் இடத்துக்காகவே போகிற பப்புகளும் உண்டு. விடுமுறையில் வடக்கே போகிறவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை. யார்க்ஷர் மேட்டு நிலத்தில் 1,732 அடி உயரத்தில் இருக்கிறது டான் ஹில் இன். பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கும் பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயலின் பனியில் 61 பேர் அங்கேயே மூன்று இரவு மாட்டிக்கொண்டார்கள், பாட வந்த இசைக்குழுவும் சேர்த்து. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத சிறைவாசம். ஸ்காட்லாந்தில் நாய்டார்ட் தீபகற்பத்து ‘ஓல்ட் ஃபோர்ஜ்’ பப்புக்குப் படகில் போக வேண்டும், அல்லது மலைப்பாதையில் நாள்கணக்கில் நடக்க வேண்டும். 2022-இல் ஊர்மக்களே சேர்ந்து அதை வாங்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஓட்டுநர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருக்கும் மது வரம்பு அங்கே 50. ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர், நம் ஊர்ப் பாட்டிலைவிடச் சற்றுக் குறைவுதானே என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி நான்காவது வகை. இதைப் பப் சாப்பாடு என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. பெர்க்ஷரில் ஆல்ட்வொர்த் கிராமத்து ‘தி பெல் இன்’. ரெடிங்கிலிருந்து காரில் அரை மணிக்குச் சற்று மேல். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில். பாரம்பரிய ஏல் பீருக்காகக் குரல் கொடுக்கும் காம்ரா அமைப்பு 1990-இலும் 2019-இலும் நாட்டின் சிறந்த பப் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. நீளப் பார் கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சன்னல் வழியாகத்தான் வாங்க வேண்டும். சுவரில் ஒற்றை முள் கடிகாரம். இசையும் இல்லை, சூதாட்ட இயந்திரமும் இல்லை. சாப்பிடக் கிடைப்பது சீஸோ, ஹாம் என்ற பன்றிக்கறியோ வைத்த சூடான முறுகல் ரொட்டி, சூப், ஒன்றிரண்டு இனிப்பு. அவ்வளவுதான்.

ரோஸ்ட் இல்லை, மீன் இல்லை, குழந்தைகளுக்கென்று தனிப் பட்டியல் இல்லை. காகிதத்தில் எழுதி ஒப்பிட்டால் நான்கிலும் கடைசியில் நிற்க வேண்டியது இதுதான். நான் இதைத்தான் முதலில் வைப்பேன். கண்ணி மிகக் குறைந்த சாப்பாடு இங்கேதான்: ரொட்டி, வெண்ணெய், சீஸ். ஒளிந்திருக்கக் கிரேவி கிடையாது. அம்மா மேல்தோலை விரலால் தட்டிப் பார்த்தார், தோசைக்கல்லில் முறுகலைத் தட்டிப் பார்ப்பதைப் போல. சத்தம் கேட்டதும் தலையசைத்தார். இரண்டு தின்றார். அப்பாவுக்குச் சீஸ் ரொட்டியோடு சூப்பும் கிடைத்தது. மகள் மூன்று ரொட்டி, அதற்குப் பின் புட்டிங். ஐந்து பேருக்கும் ஆன செலவு நட்சத்திரப் பப்பில் ஒருவருக்கு ஆவதில் பாதிகூட இராது. சாப்பிட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகவில்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரம் இருந்தோம், அது எங்கள் விருப்பம்.

பப்புக்கு எதிரே ஒரு கிணறு, மேலே கூரை போட்டது. ஏறத்தாழ 370 அடி ஆழம் என்கிறார்கள். அப்பா சுவரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். அறுபது ஆள் ஆழம் என்று அவராகவே கணக்குப் போட்டார். எங்கள் ஊரில் அந்த ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு இறங்கியதே அண்மையில்தான். கையால் வெட்டிய கிணறு என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கயிறு எத்தனை சுற்று, உருளை எந்த மரம், இறைத்தது ஆளா மாடா என்று பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த முதியவரிடம் கேட்கச் சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள். முதியவர் எழுந்து வந்து கைகளால் சக்கரம் சுற்றிக் காட்ட, அப்பாவும் கைகளால் கமலை இழுத்துக் காட்ட, அரை மணி நேரம் இரண்டு விவசாயிகள் பேசிக்கொண்டார்கள்.

சற்றே நடந்தால் தேவாலயம். உள்ளே பதினான்காம் நூற்றாண்டு டி லா பெஷ் குடும்பத்தாரின் கற்சிலைகள் ஒன்பது; ஆளைவிடப் பெரியவை என்பதால் ஆல்ட்வொர்த் ராட்சதர்கள் என்றே பெயர். அவர்களில் ஒருவன் தேவாலயத்துக்கு உள்ளே புதைத்தாலும் வெளியே புதைத்தாலும் தன் உயிரைச் சாத்தானுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் சுவருக்குள் புதைக்கப்பட்டுத் தப்பினானாம். மகள் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா, “உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசல்படியில் வைத்து இரணியனைக் கொன்றாரே நரசிம்மர், அதேதான்” என்றார். இவர்களுக்கு அந்தக் கதையை யார் சொல்லியிருப்பார்கள் என்ற ஆராய்ச்சி வீடு வரை நீண்டது.

அதனால் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு இப்போது நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எத்தனை பேர், என்ன கிழமை. கூட்டமும் குழந்தைகளும் ஞாயிறும் என்றால் வெட்கப்படாமல் கார்வரி. கறி சாப்பிடும் குடும்பம் என்றால் பன்னிரண்டு மணிக்குப் பதிவு செய்த ரோஸ்ட். ஊரிலிருந்து வந்த இரண்டு பெரியவர்கள், அதிலும் ஒருவர் சைவம் என்றால் பெல் இன் மாதிரி ரொட்டிப் பப், வார நாளில், வெயில் பார்த்து. பழைய கட்டடம், வாசல் நிலை தாழ்வு. தலையைக் குனியச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள்.

பெற்றோர் வரும் ஆனியில் மறுபடி வருகிறார்கள். விமானம் ஞாயிறு இரவு இறங்குகிறது. போன வாரம் தொலைபேசியில் அப்பா விசாரித்தார்: மறுநாளே அந்தக் கிணற்றுக் கடைக்குப் போய்விடலாமா? திங்கட்கிழமை மூடியிருக்கும் என்றேன். “அப்படியென்றால் செவ்வாய்” என்றார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, செவ்வாய்க்கிழமை எமகண்டம் ஒன்பதிலிருந்து பத்தரை, அதற்குப் பிறகு கிளம்பினால் பன்னிரண்டுக்குள் போய்விடலாமா என்று.